கயிறு கட்டினால் காற்று அடங்குமா?

(ஓய்வு பெற்ற ரயில்வே பொறியாளர் ஒருவரின் கருத்து)



வரும் பொங்கல் விழாவில் என்ன புதுமை செய்யலாம் என்று நம் மர்பி டவுன் பகுதி அன்பர்கள் சிலர் கூடிப் பேசியபோது, இளைஞர்கள் தரப்பிலிருந்து ஒரு யோசனை வந்தது. கோலப் போட்டி, உறியடி, பட்டிமன்றம் எல்லாம் ஆண்டுதோறும் நடப்பவைதாம். இம்முறை ஒரு வெப்பக்காற்று பலூனை வாடகைக்கு அமர்த்தி, மைதானத்தில் கயிறு கட்டி நிறுத்தி, பிள்ளைகளை ஐம்பது அறுபது அடி உயரத்துக்கு ஏற்றி இறக்கினால் என்ன என்றார்கள். பொள்ளாச்சி பலூன் விழாவைப் பார்த்து வந்த குடும்பங்கள் உடனே கை தூக்கிவிட்டன. கொஞ்சம் தயங்கியவர்களையும் ஒருவர், "கயிறுதான் கட்டியிருக்கிறதே, எங்கே போய்விடும்?" என்று கேட்டுச் சிரிக்க வைத்துவிட்டார். அந்தக் கேள்விக்கு அன்று விரிவாகப் பதில் சொல்ல நேரமில்லை. ஆகவே இதழுக்கு எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நம் மைதானத்தில் கயிறு கட்டிய பலூன் வேண்டாம். பலூனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் பொள்ளாச்சியில் பிள்ளைகளுக்கு அதைக் காட்டட்டும். வாய்ப்பும் வசதியும் இருந்தால் ஏறியும் பார்க்கட்டும். ஆனால் "இன்று காற்று சரியில்லை, பறக்க முடியாது" என்று சொல்லும் அதிகாரம் யாருடைய தலையீடும் இல்லாமல் ஒருவர் கையில் இருக்கும் இடத்தில் மட்டுமே ஏற வேண்டும். நம் விழாக்களின் போக்கை நாற்பது ஆண்டுகளாகப் பார்க்கிறவன் என்ற முறையில், அந்த அதிகாரத்தை நாம் யாருக்கும் உண்மையாகக் கொடுக்க மாட்டோம் என்பதே என் அச்சம்.

நான் விமானத் துறைக்காரன் அல்லன். டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, பாலங்களையும் இருப்புப் பாதையையும் பராமரித்தே காலம் கழித்தவன். ஆயினும் பாலத்து இஞ்சினீயருக்குக் காற்று அந்நியமில்லை. (நம் மர்பி டவுனே ஓர் இஞ்சினீயரின் பெயரைத் தாங்கி நிற்பதுதானே, இந்தச் சலுகையை எனக்கு நீங்கள் தரலாம்.) எங்கள் பிரிட்ஜ் ரூல்ஸ் புத்தகத்தில் ஒரு விதி உண்டு. அகலப் பாதைப் பாலத்தின் மேல் காற்றழுத்தம் சதுர மீட்டருக்கு 150 கிலோவைத் தாண்டினால், அந்தப் பாலத்தின் மேல் ரயில் இருப்பதாகவே கணக்கில் கொள்ளக்கூடாது. அப்படிப்பட்ட காற்றில் ரயில் அங்கே இருக்கவே கூடாது என்பது அதன் பொருள். இரும்புக்கும் கான்கிரீட்டுக்கும் இந்தக் கணக்கு. நைலான் துணிக்கு?

சிறிய பலூன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பைலட்டோடு மூன்று நான்கு பேர் ஏறக்கூடிய பலூனின் கொள்ளளவு சுமார் 2,200 கன மீட்டர். குறுக்களவு 16 மீட்டர். கூடையோடு சேர்த்து நிமிர்ந்து நின்றால் ஆறு மாடிக் கட்டடத்தின் உயரம். காற்றை எதிர்கொள்ளும் அதன் பரப்பு ஏறக்குறைய 200 சதுர மீட்டர். காற்று மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் வீசினால் சதுர மீட்டருக்கு அரை கிலோ அழுத்தம். 20 கி.மீ. என்றால் ஒரு கிலோ அல்ல, இரண்டு கிலோ. 30 கி.மீ. என்றால் நாலேகால் கிலோ. வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும்; இதைத்தான் பொதுமக்கள் யாரும் நினைப்பதில்லை. பலூன் உருண்டையானது என்பதால் விசையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும், 20 கி.மீ. காற்றில் பக்கவாட்டு இழுப்பு 190 கிலோ, 30 கி.மீ. காற்றில் 400 கிலோவுக்கு மேல். மாடியில் காயப்போட்ட வேட்டி லேசாகப் படபடக்கும் காற்றுதான் இது. புயல் ஒன்றும் இல்லை. இன்னொன்றும் உண்டு. துணியும் கூடையும் மட்டுமல்ல, பலூனுக்குள் அடைபட்ட காற்றே இரண்டு டன் எடை உள்ளது. அது ஒரு பக்கம் நகர ஆரம்பித்துவிட்டால் பத்துப் பேர் கயிற்றைப் பிடித்து நிறுத்திவிட முடியாது.

இப்போது "கயிறுதான் கட்டியிருக்கிறதே" என்ற கேள்விக்கு வருகிறேன். பறந்து போகும் பலூனுக்குக் காற்றே தெரியாது. காற்றோடு காற்றாக அதே வேகத்தில் போவதால் கூடையில் மெழுகுவர்த்தி ஏற்றினாலும் சுடர் அசையாது என்பார்கள். ஆற்றோடு மிதந்து போகும் இலைக்கு வெள்ளத்தின் வேகம் தெரிவதில்லை. கரையில் கட்டிப்போட்ட பரிசலுக்குத்தான் அது தெரியும். ஆகவே பலூனுக்குக் காற்றால் வரும் ஆபத்து பெரும்பாலும் இரண்டே நேரங்களில்தான். ஒன்று, தரையோடு பிணைந்திருக்கும் புறப்பாட்டு நேரம். மற்றொன்று, மீண்டும் தரையைத் தொடும் நேரம். கயிறு கட்டி ஏற்றி இறக்கும் விளையாட்டு என்பது அந்தப் புறப்பாட்டு நேரத்தையே இரண்டு மணி நேரத்துக்கு நீட்டி வைப்பதற்குச் சமம். பறக்கும் பலூனைவிடக் கட்டிய பலூனுக்குக் காற்று இன்னும் குறைவாக இருக்க வேண்டும் என்று அனுபவமுள்ள பைலட்டுகள் சொல்வது இதனால்தான்.

புறப்படும்போது என்னதான் நடக்கிறது? முதலில் துணியைக் காற்று போகும் திசையில் நீளமாகத் தரையில் விரிக்கிறார்கள். பெட்ரோலில் ஓடும் பெரிய விசிறியை வைத்து அதன் வாய் வழியாகக் குளிர்ந்த காற்றை நிரப்புகிறார்கள். பாதிக்கு மேல் பொம்மியதும், படுத்த வாக்கில் இருக்கும் அதன் வாய்க்குள் பர்னரின் தீயைச் செலுத்துகிறார்கள். இந்தச் சில நிமிடங்கள்தான் மிகவும் மென்மையான நேரம். காற்று ஒரு பக்கத்திலிருந்து தள்ளினால் அரைகுறையாக நிரம்பிய துணி குழி விழுந்து உள்வாங்கும். வாய் மூடி மூடித் திறக்கும். தீயும் நேராகப் போகாமல் சாயும். வாயோரத் துணி எளிதில் தீப்பற்றாத வகையைச் சேர்ந்தது. ஆனால் அதற்கு மேல் உள்ளது நைலான். இருநூறு டிகிரிக்கு மேல் சூடு ஏறினால் அது இளகி உருகத் தொடங்கிவிடும். அதன் அருகிலேயே கேஸ் சிலிண்டர்கள்.

2025 செப்டம்பர் 13 அன்று மத்தியப் பிரதேசம் மந்த்சௌர் மாவட்டம் காந்திசாகரில் நடந்ததைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அம்மாநில முதலமைச்சர் மோகன் யாதவ் காலையில் பலூன் கூடையில் ஏறினார். அந்த நேரம் காற்று மணிக்கு சுமார் 20 கி.மீ. என்று செய்திகள் கூறின. பலூன் எழும்ப முடியவில்லை, சாய்ந்தது, அதன் கீழ்ப்பகுதியில் தீ பிடித்தது. ஊழியர்கள் உடனே அணைத்தார்கள். பாதுகாப்புக் காவலர்கள் கூடை வைத்திருந்த வண்டியை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். யாருக்கும் தீங்கில்லை. பாதுகாப்பில் எந்தக் குறையும் இல்லை என்று மாவட்ட நிர்வாகம் பின்னர் விளக்கம் அளித்தது. இருக்கலாம், அதைப் பற்றி வாதம் செய்ய நான் வரவில்லை. அன்று விடியற்காலையில் காற்று அமைதியாகவே இருந்ததாம். ஏழு மணிக்கு மேல்தான் எழும்பியது. பெரிய மனிதர்கள் நிகழ்ச்சிக்கு வந்து சேரும் நேரமும் அதுதான்.

அதே ஆண்டு ஏப்ரல் மாதம் ராஜஸ்தானின் பாரான் நகரில் நடந்ததோ உயிரையே வாங்கிவிட்டது. மாவட்டம் உருவான நாள் விழாவுக்காக, கிட்டத்தட்ட நாம் செய்ய நினைப்பது போலவே, மைதானத்தில் ஒரு பலூன் காட்சி. ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோது பலூன் திடீரென்று விசையோடு எழும்பியது. கயிற்றைப் பிடித்திருந்த ஊழியர் அதோடு மேலே போய்விட்டார். எண்பது அடிக்கு மேல் என்று செய்திகள் கூறின. கயிறு அறுந்தது. அவர் விழுந்து இறந்தார். நம் விழாவில் கயிற்றைப் பிடிக்க முன்வரப் போகிறவர்கள் யார்? "நான் பிடிக்கிறேன் அங்கிள்" என்று ஓடிவரும் நம் வீட்டுப் பையன்கள்தாம்.

கட்டிய பலூனும் காற்றும் சேர்ந்தால் தொல்லை என்பது புதிய கண்டுபிடிப்பல்ல. மனிதன் முதன்முதலில் கட்டின்றி வானில் பறந்த நாள் 1783 நவம்பர் 21. பாரிஸ் நகருக்கு வெளியே மோன்கோல்ஃபியே சகோதரர்களின் பலூனில் இருவர் பறந்தார்கள். இது பள்ளிப் பாடத்தில் உண்டு. அன்றைய தினம் அதற்கு முன் நடந்தது பாடத்தில் இல்லை. முதலில் கயிற்றில் கட்டிச் சோதித்துப் பார்க்கலாம் என்று ஏற்றினார்கள். காற்று பலூனை நேராக எழும்ப விடாமல் தோட்டத்து நடைபாதைப் பக்கம் தள்ளியது. கயிறுகள் இழுத்த இழுப்பில் பல இடங்களில் கிழிந்தது. ஒரு கிழிசல் மட்டும் ஆறடிக்கு மேல். இரண்டு மணி நேரத்துக்குள் தைத்துச் சரிசெய்து, பிறகு கட்டாமல் விட்டார்கள். பத்திரமாகப் பறந்து போய் இறங்கியது.

நம்மவர்களிடம் வானத்தில் பறப்பது பற்றிப் பேச ஆரம்பித்தாலே, ஓட்டுநர் இல்லாமல் செல்லும் வான ஊர்தியைப் புறநானூறு அன்றே பாடிவிட்டது என்று யாராவது ஒருவர் எழுந்து சொல்வார். பெருமைதான். ஆனால் பலூனுக்கு ஓட்டுநர் கட்டாயம் வேண்டும்; அவருக்குக் காற்றைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். ஏனெனில் இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு சிறு காகிதத் துண்டை உதட்டருகே பிடித்து அதன் மேற்புறமாக ஊதிப் பாருங்கள். தொங்கும் காகிதம் மேலே எழும்பும். கட்டி வைத்த பலூனின் வளைந்த தலைக்கு மேல் காற்று வேகமாகப் போகும்போதும் அதேதான் நடக்கிறது. பலூன் மேலே போகத் துடிக்கும். பார்க்கிறவர்கள், ஏன் அனுபவமில்லாத பைலட்டும்கூட, போதுமான சூடு ஏறிவிட்டது என்று நினைத்துக் கயிற்றை அவிழ்த்தால், சில நொடிகளில் பலூன் காற்றின் வேகத்தை எட்டிவிடும். தலைக்கு மேல் ஓட்டம் நின்றுவிடும். அந்தப் பொய்யான தூக்கு விசையும் மறைந்துவிடும். உள்ளே உண்மையான சூடு போதாவிட்டால் பலூன் மீண்டும் கீழே இறங்கும். அதற்குள் காற்று அதை மைதானத்தின் எல்லைக்கே தள்ளிப் போயிருக்கும். அங்கே மரமோ மின்கம்பியோ காத்திருக்கும்.

எனவேதான் விடியற்காலை. இரவில் தரை குளிர்ந்துவிடுவதால் அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகிப் படுத்துக் கிடக்கும். வெயில் ஏற ஏறத் தரை சூடாகும். சூடான காற்று ஆங்காங்கே கொப்புளம் கொப்புளமாக மேலே எழும். மேலே வேகமாகப் போய்க்கொண்டிருந்த காற்று கீழே இறங்கும். பிறகு வீச்சுக்கு ஓர் ஒழுங்கு இருக்காது. சராசரி 10 கி.மீ. என்று காட்டும் காற்றுமானி, திடீரென்று ஒரு வீச்சில் 20-ஐக் காட்டும். பலூனைச் சாய்ப்பதும் கிழிப்பதும் சராசரி அல்ல, அந்த ஒரு வீச்சு. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று நெல் தூற்றுகிறவனுக்குச் சொன்னார்கள். பலூன்காரன் காற்று எழும்புமுன் வேலையை முடித்துக்கொண்டு, கடையைக் கட்டிக்கொண்டு போய்விட வேண்டும்.

பொள்ளாச்சிக்கு வருகிறேன். 2015 முதல் பொங்கலை ஒட்டி அங்கே பன்னாட்டு பலூன் விழா நடந்து வருகிறது. தென்னந்தோப்பும் வயலுமாகப் பார்க்க அழகான ஊர். ஆனால் காற்றைப் பொறுத்தவரை சாதாரண ஊர் அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள பெரிய வாசலான பாலக்காட்டுக் கணவாயின் எதிரே இருக்கிறது. ஆனி ஆடியில் மேல்காற்று அந்த வாசல் வழியாகத்தான் பாய்ந்து வந்து உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. மார்கழி தை மாதங்களில் அதே வாசல் வழியாகக் கீழ்க்காற்று கேரளத்துக்குள் நுழைகிறது. பாலக்காட்டுக்காரர்களைக் கேட்டால் அந்த வறண்ட காற்றைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். 2025 ஜனவரியில் பொள்ளாச்சி விழாவிலிருந்து கிளம்பிய யானை வடிவ பலூன் ஒன்று எல்லையைத் தாண்டிப் பாலக்காடு மாவட்ட நெல்வயல் ஒன்றில் போய் இறங்கியதும் அந்தத் திசையில்தான். காயம் ஏதுமில்லை, கிராமத்தார் கூடி உதவினார்கள் என்று மகிழ்ச்சியான செய்தியாகவே அது வந்தது. அதைக் குறையாக நான் சொல்லவில்லை. பறக்கும் பலூன் காற்று போகும் பக்கம்தான் போகும். இறங்குவதற்கு வயல்வெளி இருந்ததால் வயலில் இறங்கியது. மர்பி டவுனிலிருந்து ஒரு கயிறு அறுந்தால் எந்த வயலில் இறங்குவது?

நம் இடத்தைக் கொஞ்சம் கண்முன் கொண்டு வாருங்கள். சுற்றிலும் மூன்று நான்கு மாடிக் கட்டடங்கள், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகள், தெருவெல்லாம் மின்கம்பியும் கேபிள் கம்பியும், சற்றுத் தள்ளி அல்சூர்ப் பக்கம் மெட்ரோ பாலம். கட்டடங்கள் காற்றைத் தடுக்கின்றனவே, நல்லதுதானே என்று தோன்றும். அங்கேதான் ஏமாற்றம். மைதானத்தில் நிற்கிற நமக்குக் காற்று இருக்காது. காற்றுமானியும் 5 அல்லது 6 தான் காட்டும். ஆறு மாடி உயரப் பலூனின் தலையோ பக்கத்து மாடிகளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே 15 வீசிக்கொண்டிருக்கலாம். அதோடு கட்டடங்களின் மறைவில் காற்று சுழன்று சுழன்று திசை மாறும். திறந்தவெளியில் ஒரே பக்கமிருந்து வருவது இங்கே நாலா பக்கமிருந்தும் மோதும். எந்தப் பக்கக் கயிறு தொய்யும், எந்தப் பக்கக் கயிறு விறைக்கும் என்று சொல்ல முடியாது.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில் இருப்பதும் ஒரு சிறு காரணம். நூறு டிகிரிக்குச் சூடாக்கிய காற்று, கடல் மட்டத்தில் கன மீட்டருக்கு கால் கிலோதான் தூக்கும். இங்கே காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைவு; தூக்கும் திறனும் அந்த அளவு குறையும். அதை ஈடுகட்ட இன்னும் சூடேற்ற வேண்டும், அல்லது ஆட்களைக் குறைக்க வேண்டும். வரிசையில் இருநூறு பிள்ளைகள் காத்திருக்கும்போது ஆட்களைக் குறைக்க யாருக்கு மனம் வரும்?

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கயிறு கட்டினால் அது வெறும் ராட்டினம் போலத்தான் என்று சிலர் நினைக்கிறார்கள். 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டமே, கட்டிய பலூனானாலும் கட்டாத பலூனானாலும் விமானம் என்ற சொல்லுக்குள் அடக்கிவிட்டது. அதற்குப் பதிலாக 2024-இல் வந்த சட்டத்தின் கீழும் பலூன் விமானம்தான். டி.ஜி.சி.ஏ. கட்டுப்பாடு உண்டு, பைலட்டுக்கு உரிமம் வேண்டும். நமக்கோ எச்.ஏ.எல். விமானதளம் அருகில்; ஹெலிகாப்டர்கள் நம் தலைக்கு மேல் போகாத நாளில்லை. பேட்டை மைதானத்தில் ஆறு மாடி உயரத்துக்கு ஒன்றை நிறுத்தக் காவல் நிலையத்தில் மைக்செட் அனுமதி வாங்குவது போல வாங்கிவிட முடியாது.

இவை எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். நல்ல பைலட், நல்ல துணி, முறையான அனுமதி. அப்போதும் என் தடை நீங்காது. காரணம் நேரம். காலை ஆறரை மணிக்குப் பலூன் ஏற வேண்டும். ஆறரைக்கு நம் விழாவில் மைக்செட்காரர்கூட வந்திருக்க மாட்டார். ஒன்பதுக்குக் குடும்பங்கள் வரும், பத்தரைக்குச் சிறப்பு விருந்தினர் வருவார், பதினொன்றுக்குக் குத்துவிளக்கு. அப்போது பைலட், "காற்று எழும்பிவிட்டது, இனி முடியாது" என்பார். வாடகை கொடுத்தாகிவிட்டது, நோட்டீஸில் பலூன் படம் போட்டாகிவிட்டது, பிள்ளைகள் அழுகின்றன. "சார், ஒரு ரவுண்டு மட்டும். சீஃப் கெஸ்ட் மட்டும் ஏறி இறங்கட்டும், போட்டோ எடுத்துவிடலாம்" என்று நம்மில் யாராவது ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார். கேட்பவர் கெட்டவர் அல்லர். விழா நன்றாக நடக்க வேண்டும் என்ற அக்கறையில் கேட்பார். அடுத்த ஆண்டும் வேலை வேண்டுமே என்ற கவலையில் பைலட் இசைந்துவிடவும் கூடும்.

ரயில்வேயில் இந்தக் கேள்வியை விட்டுவைக்கவில்லை. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் பாம்பன் தனுஷ்கோடி பாசஞ்சர் ரயில் கடலலைக்கு இரையாகி, அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டது நம் தலைமுறையின் பெற்றோருக்கு மறக்க முடியாத துயரம். பிற்காலத்தில் பாம்பன் பாலத்தில் காற்றுமானி வைத்து, அதைச் சிக்னலோடு பிணைத்தார்கள். காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகிவிடும். ஸ்டேஷன் மாஸ்டரைக் கெஞ்சியோ மிரட்டியோ பயனில்லை. ரயிலில் மந்திரி இருந்தாலும், ராமேஸ்வரத்தில் திதி கொடுக்கப் போகிற ஆயிரம் பேர் இருந்தாலும், காற்று அடங்கும் வரை ரயில் நிற்கும். அங்கே நின்ற ரயிலில் இருந்தவர்கள் முணுமுணுத்திருப்பார்கள். ஆனால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? கருவியிடமா? அந்த ஏற்பாட்டின் அருமையே அதில்தான் இருக்கிறது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. நூறாண்டு உழைத்த பழைய பாலம் ஓய்வு பெற்றுவிட்டது.

பலூனுக்கும் இப்படி ஓர் ஏற்பாடு உலகில் இல்லாமல் இல்லை. துருக்கியின் கப்படோக்கியாவில் நல்ல காலை நேரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பலூன்கள் ஒன்றாக எழும்பும் படத்தைக் காலண்டரில் பார்த்திருப்பீர்கள். அங்கே பறப்பதா வேண்டாமா என்று ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியே முடிவு செய்வதில்லை. சிவில் விமானத் துறையின் ஏற்பாட்டில் காற்றை அளந்து பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கொடி அறிவிக்கிறார்கள். சிவப்பு என்றால் அத்தனை பலூனும் தரையில்தான். எவ்வளவு பணம் கட்டியவரானாலும் ஓட்டலுக்குத் திரும்ப வேண்டியதுதான். குளிர்காலத்தில் பல நாட்கள் இப்படிப் போகுமாம். சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் ஊரே அந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொள்கிறது. நம் நாட்டில் பலூன் விழா நடத்தும் ஒவ்வொரு மாநிலமும் இந்தக் கொடி முறையைக் கொண்டுவர வேண்டும்; விழா நடத்துகிறவருக்கும் பலூன்காரருக்கும் சம்பந்தமில்லாத ஒருவர் கையில் அந்தக் கொடி இருக்க வேண்டும்; காற்றுமானி காட்டும் அளவை ஸ்கோர் போர்டு போல எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைக்க வேண்டும். முதல்வர் வந்தாலும் நம் பேட்டைச் சிறப்பு விருந்தினர் வந்தாலும் போர்டில் உள்ள எண் மாறாது.

செலவைப் பற்றிப் பேசும் அன்பர்களுக்கு ஒன்று. பலூனுக்கு ஒதுக்க நினைத்த தொகையில் பாதி போதும், பொங்கலுக்கு ஊர் போகாத குடும்பங்களின் பிள்ளைகளை ஒரு வேன் வைத்துப் பொள்ளாச்சிக்கே அழைத்துப் போய்க் காட்டிவிடலாம். இரவு கிளம்பினால் விடியற்காலை போய்ச் சேரலாம். பார்க்க வேண்டிய நேரமும் அதுதான். இதை நம் குழுவினர் பரிசீலிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்படிப் போகிற குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள். டிக்கெட் வாங்குமுன், காற்றால் ரத்தானால் முழுப் பணமும் திரும்புமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் திரும்பாது என்றால், பைலட் மறுக்கத் தயங்குவார், நாமும் வற்புறுத்துவோம். கிளம்புமுன் பைலட் ஒரு சிறு கேஸ் பலூனை மேலே விட்டு, அது எப்படிப் போகிறது என்று அண்ணாந்து பார்க்கிறாரா என்று கவனியுங்கள். மேலே காற்றின் வேகமும் திசையும் அதில்தான் தெரியும். ராட்டினக் கடைப் பலூன் போல இருக்கிறதே என்று பிள்ளைகள் சிரித்தால், அதற்கு வேலை என்ன என்று சொல்லிக் கொடுங்கள். பலூன் நிரம்பும்போது காற்று வரும் பக்கத்தில் தள்ளி நில்லுங்கள். துணி சாயும் பக்கத்தில் நின்று படம் பிடிக்க வேண்டாம். ஒன்பது மணிக்கு மேல் யாராவது "இப்போது ஏறலாம், கூட்டம் குறைவு" என்று அழைத்தால் போகாதீர்கள்.

கடைசியாக, பெரிய பையன்களுக்கு. யார் கூப்பிட்டாலும் கயிற்றைப் பிடிக்கப் போகக்கூடாது. ஏதோ ஓர் அவசரத்தில் பிடிக்க நேர்ந்தால் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக்கூடாது. குதிகால் தரையை விட்டு எழும்புகிறது என்று தெரிந்த அந்த நொடியிலேயே கையை விட்டுவிட வேண்டும். பலூன் போனால் போகட்டும்; மேலே பைலட் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார். ஓரடி உயரத்தில் விட்டால் முழங்காலில் சிராய்ப்போடு போகும். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று பிடித்துக்கொண்டே இருந்தால், அடுத்து விடலாமா என்று யோசிக்கும்போது மூன்றாவது மாடி உயரத்தில் இருப்போம். இதை வீட்டில் ஒரு முறைக்கு இரு முறை சொல்லி வையுங்கள்.